நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

நாகர்கோவில். இரண்டாம் மாடி.
கண்ணாடி அறைக்குள் உட்கார்த்தி
காதில் கறுப்பு உருண்டைகளை மாட்டி
சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்க என்றாள் ஷைனி.
எனக்குள் எப்போதும் ஒரு சீட்டி ஓடுகிறது.
அதற்கும் சேர்த்து அமுக்கிவிட்டேன்.
முதல் தாள் வீண்.

இரண்டாம் தாளில் கோடு
கரையை ஒட்டிய தரை மாதிரி சமமாக வந்தது.
மூவாயிரம் தாண்டியதும் சரிந்து
நாலாயிரத்தில் குழி விழுந்து
எட்டாயிரத்தில் கொஞ்சம் ஏறியது.
எக்கோ சவுண்டரில் இப்படித் தரை தெரிந்தால்
போட்டை அணைக்கச் சொல்வேன்.
இந்த மாதிரிக் குழியில்தான் மீன் நிற்கும்.

எத்தனை வருசம் எஞ்சின்ல?
முப்பத்தொன்று.
தூத்தூரிலிருந்து மினிக்காய்க்கும் அப்பால்,
ஆறு சிலிண்டர் காலடியில்,
படுத்தால் முதுகுக்கு அடியில்.
அது நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

பிளாஸ்டிக் காது ஒன்றைப் பிளந்து காட்டினாள்.
உள்ளே ஒரு சங்கு. இரண்டரைச் சுற்று.
சங்குக்குள் வரிசையாய் முடி வைத்த செல்கள்,
அவற்றின் பின்னால் நூல் நூலாக நரம்பு.
ஒரு காதுக்கு பதினஞ்சாயிரம் செல்லுதான் அண்ணே,
செத்தா மொளைக்காது,
அதுக்க பெறவு நரம்பும் மெல்ல மெல்ல காய்ஞ்சுபோவும்.

துறைமுகத்தில் ஒரே தடவை ஏற்றிய டீசல்.
அளவு குச்சி போட்டுப் பார்க்காமல்
ஓட்டியிருக்கிறேன்.

மெஷின் வச்சா?
சத்தம் பெருசாவும். சொல்லு தெளியாது.

அது எனக்குத் தெரியும்.
வீட்டில் பனிமேரி பேசினால்
உயிர் வந்து சேர்கிறது, மெய் வருவதில்லை.
ஆ வருகிறது. ஓ வருகிறது.
ச-வும் த-வும் வழியில் கழன்று விழுகின்றன.
போன மாதம் சாவி எங்கே என்றாள்.
ஆவி எங்கே என்று கேட்டது.
விளக்கைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்,
அவள் சாவியைத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.
மகளுக்கு ஸ்டெஃபி என்று பெயர் வைத்தவன் நான்தான்.
அதில் எனக்கு மிச்சம் ஒரு எ, ஒரு இ.

கோழிக்கு மொளைக்கும் என்றாள் ஷைனி.
தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.
என் பக்கம் நன்றாகத் திரும்பிச் சொன்னாள்:
கோழிக்கும் மீனுக்கும்
செத்த செல்லு திரும்ப மொளைக்கும், நமக்குத்தான் இல்ல.
எங்கயோ ஒரு பூட்டு. அதைத்தான் தேடுதாங்க.
எலிக்க காதுல கொஞ்சம் வந்திருக்கு.
தட்டுல வளத்த நரம்பு
செல்லு இருக்கப்பட்ட பக்கமா நீளுதாம்.
பூட்டுக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று முடித்தாள்,
சாவி என்றாளோ ஆவி என்றாளோ.
எப்ப வரும் என்றேன்.
கையை விரித்தாள். அது தெளிவாகக் கேட்டது.

புதுக்கடையில் பஸ் மாறி உட்கார்ந்தபோது
ஜன்னலோரம் ஒருத்தி மடியில் கூடை,
கூடைக்குள் ஒரு சேவல்.
இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
பிறகுதான் மீன்கள் நினைவுக்கு வந்தன.
என் எஞ்சின் இரைச்சலில் காது போன மீன்
தூண்டிலுக்குத் தப்பிவிட்டால்
சில வாரத்தில் அதற்கு மறுபடி கேட்கும்,
நான் வருவது.

ராத்திரி கத்தாளைக் குழம்பு.
தலையை உடைத்தால் உள்ளே இரண்டு வெள்ளைக் கல்,
மீனின் காதுக்கல்.
துப்பிப் போடுகிற சாமான்.
இன்று துடைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.
முதுகுக்குப் பின்னால் பனிமேரி ஏதோ கேட்டாள்,
நாலு உயிரெழுத்து நீளம்.
கோழிக்கு மொளைக்குமாம் என்றேன்.

அடுப்பை விட்டு வந்து என் முன்னால் நின்றாள்.
ப-வும் ம-வும் உதட்டில் தெரியும்,
மற்றதை ஊகிக்க வேண்டும்.
மீன் ஆறிப்போச்சு என்றாள்.
அல்லது, மாறிப்போச்சு என்றாள்.

ம் என்றேன்.